வீடு எமது, நிலம் பிறரது

வீடும் அது நிற்கும் காணியும் ஒருவருக்கே உரியன என்ற எண்ணம் எமது பேச்சில் மட்டுமன்றிச் சட்டத்திலும் வேரூன்றியுள்ளது. நிலத்தோடு பொருந்திய கட்டடம் நிலத்தையே சாரும் என்பது இலங்கையில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. ஆயினும் பிறர் காணியில் தம் செலவில் வீடமைத்து வாழ்வோர் பலர் உளர். இவர்களை வாடகைக் குடியிருப்பாளர் என்பதா, வீட்டுச் சொந்தக்காரர் என்பதா?

மன்னார்த் தீவிலுள்ள தோட்டவெளி எனது ஊர். முன்னர் அங்கே ஓலைக் குடிசைகளே பெரும்பான்மை. காணிக்காரர் இடத்தை விடச் சொன்னால் கப்பையும் வளையையும் ஓலையையும் கழற்றிச் சுமந்து சென்று வேறொரு வளவில் நாட்டிவிடலாம் என்று அம்மம்மா கூறக் கேட்டிருக்கிறேன். பருவத்துக்கேற்பக் கரை மாறும் மீனவரின் வாடியும் இத்தகையதே. கொடுத்தவரின் சொல்லும் கொண்டவரின் நன்றியுமே அன்று உறுதிப் பத்திரமாய் இருந்தன. வீடு பெயர்க்கத்தக்கதாய் இருந்தமையே அவ்வழக்கத்தைத் தாங்கிய தூண் எனலாம்.

சீமெந்துக் கல் வந்ததும் அத்தூண் சாய்ந்தது. என் பெரியப்பா பிறர் வளவொன்றில் வாய்மொழி இசைவோடு குடியேறி, மாதந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்தி, இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர். கடலில் உழைத்த பணத்தைக் கொண்டு அறை அறையாகக் கல்வீடு கட்டினார். காணிக்காரர் காலமானதும் பிள்ளைகள் வளவை விற்க முற்பட்டனர். "உங்கட வீட்டைக் கொண்டுபோங்கோ, காணியை விடுங்கோ" என்றனர். கல்வீட்டை எவ்வாறு கொண்டுபோவது?

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் கட்டடத்தை வாடகைக்குப் பெற்றவரையே காக்கிறது. வெறுங்காணியைப் பெற்றவர் அதன் நிழலுக்குள் வருவதில்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், உரிமையாளருக்கு எதிராகப் பத்தாண்டு இடையூறின்றி ஆண்டவருக்கு உரித்து வழங்குகிறது. ஆனால் இசைவு பெற்றுக் குடியேறிப் பணம் செலுத்தி வந்தவர் பிறரது உரித்தை ஒப்புக்கொண்டவராகிறார். கேளாமற் புகுந்தவனுக்குத் திறக்கக்கூடிய கதவு, கேட்டு நுழைந்தவருக்கு அடைபட்டிருப்பது எத்துணை முரண்!

எஞ்சியது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்தர் மூவர் பிணக்கை விசாரிப்பர். சட்டத்தரணிக்கு அங்கு இடமில்லை. அம்மூவரும் பொறுமையோடு கேட்டனர். அவர்களைக் குறைகூற நான் விரும்பவில்லை. ஆனால் சபை இணக்கத்தை நாடலாமேயன்றித் தீர்ப்பு விதிக்க இயலாது. ஒரு பக்கத்தில் உறுதிப் பத்திரம். மறுபக்கத்தில் இருபது ஆண்டு வியர்வை. இறுதியில் பெரியப்பா கதவு, யன்னல், கூரைத் தகடு ஆகியவற்றைக் கழற்றிக்கொண்டு வெளியேறினார். சுவர்கள் நின்றன.

இச்சிக்கல் எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்த வீட்டைச் சொந்தமாக வாங்கி, பிறரது வளாகத்தில் மனையை வாடகைக்குப் பெற்று அதில் வைத்து வாழும் குடும்பங்கள் பல. 'நடமாடும் வீடு' என்று பெயர் இருப்பினும், ஒருமுறை நாட்டிய பின் அதைப் பெயர்ப்பது பெருஞ்செலவு. இதனை உணர்ந்தே கலிபோர்னியா 1978இல் தனிச் சட்டம் வகுத்தது: சட்டம் கூறும் காரணமின்றிக் குடியிருப்பாளரை எழுப்பலாகாது, அறுபது நாள் முன்னறிவித்தலும் வேண்டும். வாஷிங்டன் மாநிலம் 2007இல் பிணக்குத் தீர்க்கும் பொறுப்பைச் சட்டமா அதிபரின் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. அவ்வலுவலகம் முதலில் இணக்கம் நாடும். சட்ட மீறல் உண்டெனக் கண்டால் தண்டமும் விதிக்கும்.

இத்தனை தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், பிறர் நிலத்தில் கட்டடம் எழுப்பிய குடியிருப்பாளர் வெளியேற்றப்படின் கட்டடத்தின் பெறுமதியை இழப்பீடாகப் பெற வழி செய்தது; நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு நிலத்தை வாங்க விண்ணப்பிக்கவும் இடமளித்தது. 1996இல் சமய நிறுவனங்களின் நிலங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. கொடுத்த உரிமையும் குறைக்கப்படலாம் என்பதற்கு இது சான்று.

காணிக்காரரின் அச்சத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். இடங்கொடுத்தால் காணி கைநழுவும் என்று அஞ்சுபவர் நாளை எவருக்கும் இடங்கொடார். ஆதலின் இருவருக்கும் பொதுவான விதிகளே வேண்டுவன: எழுத்தில் அமைந்த ஒப்பந்தம், எழுப்புவதற்குத் தக்க காரணமும் தவணையும், வெளியேறுவோரின் வீட்டுக்கு நடுநிலையான விலைமதிப்பு.

மத்தியஸ்தம் உயர்ந்த வழியே. ஆயின் இரு பக்கத்தாரும் ஏதேனும் ஓர் உரிமையோடு வந்தமரும்போதுதான் அது மத்தியஸ்தமாகும். ஒருவர் வெறுங்கையோடு வருவாராயின், அங்கு நிகழ்வது இணக்கமன்று, இரப்பே.