ஹட்டன் மலைப்பாதையில் ஒரு பழைய கெப் வண்டி

மலைநாட்டைக் காண வருவோர் தேயிலைக் கொழுந்தையும் அருவிகளையும் கண்டு களித்துத் திரும்புவது வழக்கம். சென்ற மாதம் ஹட்டனுக்குச் சென்ற நாமோ, இருந்த மூன்று நாட்களில் ஏறக்குறைய ஒன்றரை நாளை ஒரு கராஜில் கழித்தோம். அதற்காக நாம் வருந்தவில்லை.

நாம் தங்கியிருந்தது நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில். நம்மை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துச் சென்ற நண்பரிடம் ஒரு கெப் வண்டி இருக்கிறது. தமிழகத்தார் பிக்கப் என்பதையே இங்கே கெப் என்கிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸ், டீசலில் ஓடுவது, 1990களில் ஜப்பானில் பிறந்தது. அது ஓடி முடித்த தூரம் 412,000 கிலோமீற்றர். பூமியைப் பத்து முறை சுற்றிவரும் தூரம்! அத்தனையும் இந்த மலை வளைவுகளிலேயே ஓடித் தீர்த்திருக்கிறது. பகலில் கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றும். இரவில் லயத்தில் எவருக்கேனும் நோய் கண்டாலோ, ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தாலோ, டிக்கோயா வைத்தியசாலைக்கு ஓடும். இந்திய உதவியுடன் 2017இல் திறக்கப்பட்ட வைத்தியசாலைக் கட்டடம் அங்கே கம்பீரமாக நிற்கிறது. ஆனால் மலையுச்சி லயத்திலிருந்து அதன் வாசலை அடைய ஒரு வண்டி வேண்டுமே!

நண்பருக்குச் சீட்டு விழுந்திருந்தது. கையில் 150,000 ரூபாய். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். மணமக்கள் ஏறப்போகும் வண்டியாயிற்றே, துருவைச் சுரண்டி வெள்ளை வர்ணம் பூச வேண்டும் என்பது அவருடைய ஆசை. கராஜ்காரரோ (இங்கே மெக்கானிக்கை 'பாஸ்' என்றே அழைப்பார்கள், ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது) வண்டிக்கு அடியில் படுத்து அரை மணி நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மாமா, கல்யாணத்துக்கு வர்றவங்க பெயின்ட்டப் பாத்துச் சந்தோஷப்படுவாங்க. எறக்கத்துல பிரேக் பிடிக்கலேன்னா கல்யாணத்துக்கே வந்து சேர மாட்டாங்க."

புதிய வண்டி வாங்கினால் என்ன என்று பட்டணத்து வாசகர் கேட்கலாம். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாய் சரிந்தது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவும் பெரும் வரியுடன். இத்தகைய நிலை இலங்கைக்குப் புதிதன்று. 1960களிலும் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டிகள் வருவது அருகிவிட, 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை மொரிஸ் மைனர்களையும் ஒஸ்டின்களையும் ஒட்டுப்போட்டே ஓட்டினார்கள். அவற்றுட் சில இன்றும் வீதியில் ஓடுவதை நாம் காண்கிறோம். கியூபாவில் பழைய அமெரிக்கக் கார்கள் உயிர் வாழ்வதும் இதே கதைதான்.

ஆகவே, எதை மாற்றுவது, எதை விடுவது என்ற விசாரணை தொடங்கியது. நாமும் ஒரு பலகைப் பெட்டியின் மேல் அமர்ந்து கேட்டோம்.

பின் சக்கரம் ஒன்றினுள் வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஷூ எண்ணெயில் நனைந்ததுபோல் இருந்தது. பிரேக் திரவமோ தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. பாஸ் சொன்ன விளக்கம் மாணவர்க்கும் பயன்படும். அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, அந்த ஈரம் கொதித்து ஆவிக் குமிழியாகிறது. திரவம் அழுத்தத்துக்கு அமுங்காது, குமிழி அமுங்கிவிடும். மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போகாமல் குமிழியோடு நின்றுவிடுகிறது. மழையும் மூடுபனியும் ஓயாத இந்தச் சீமையில் இதற்கு எத்தனை வாய்ப்பு என்று நாமே ஊகித்துக்கொண்டோம்.

அடுத்தது டைமிங் பெல்ட். எஞ்சினின் சுழலும் தண்டையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருக்கும் பல்வைத்த ரப்பர் பட்டி அது. அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சினே பாழ். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி முன்பலகையில் ஒரு விளக்கு எரியும். நண்பருடைய வண்டியில் அவ்விளக்கின் மேல் கறுப்பு ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் யார் என்று பாஸ் கேட்டார். நண்பர் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரேடியேட்டர் மூடியும் பட்டியலில் சேர்ந்தது. குளிர் தேசத்தில் எஞ்சின் ஏன் சூடாகிறது என்று நாம் பேதைமையாகக் கேட்டுவிட்டோம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுமாம். மூடி இறுக்கமாயிருந்து அழுத்தத்தைக் காத்தால்தான் ஏற்றத்தில் நீர் பொங்காது. உள்ளங்கையளவுப் பொருள், அது தளர்ந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. முன் சக்கரத்துப் போல் ஜொயின்ட்டுகளும் ஆடின, அவையும் சேர்ந்தன.

கிளச் சற்று வழுக்கியது. அதற்குப் பணம் போதாது. "கிளச் தேஞ்சா வண்டி ஏறாம நின்னுடும். நின்னா கயிறு கட்டி இழுத்துக்கலாம்" என்று பாஸ் தள்ளி வைத்தார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய உறுப்புகள் மலிவாகக் கிடைக்குமே என்றார் நண்பர். இரும்பு ஆனால் வாங்கலாம், ரப்பர் ஆனால் வேண்டாம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடையும் என்பது பாஸின் தீர்ப்பு. கதவுத் துரு, கிழிந்த ஆசனம், வெள்ளை வர்ணம் யாவும் அடுத்த சீட்டுக்கு ஒத்திவைக்கப்பட்டன. நண்பரின் முகம் வாடியதை நாம் கண்டோம். மகளின் கல்யாணம் அடுத்த சீட்டு வரை காத்திராது அல்லவா?

மறுநாள் பிற்பகல் வேலை முடிந்ததும் சோதனை ஓட்டமாக நுவரெலியா சென்றோம். கொட்டகலை தாண்டியதும் டெவோன் அருவி, அப்பால் சென்கிளயர். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கிய பின் சென்கிளயருக்குப் பழைய வீறு இல்லை. தலவாக்கலையில் தேக்கத்தைப் பார்த்தபடி தேநீர் குடித்தோம். நானுஓயாவை நெருங்குகையில் பேச்சு நின்றது. 2023 ஜனவரியில் ரதல்லைக் குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேர் மாண்ட செய்தி எல்லோர் மனத்திலும் இருந்திருக்க வேண்டும். திரும்பும் இறக்கத்தில் நண்பர் இரண்டாம் கியரிலேயே வண்டியை விட்டு, வளைவு வரும்போது மாத்திரம் பிரேக்கை மிதித்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

அன்றிரவு பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. ஐந்து நிமிடத்தில் வண்டி புறப்பட்டது. முற்றத்தில் நின்று நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் பின்புறத்துச் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ஒன்றுதான் எரிந்தது, இடப்பக்கத்தது எரியவில்லை.

விடியற்காலை நண்பர் திரும்பினார். ஆண் குழந்தையாம். விளக்கு விஷயத்தைச் சொன்னோம். "பல்ப்தானே" என்று சிரித்துவிட்டு உறங்கப் போனார்.