தீவகத்தார் கோடேறிய கதை

நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் சென்ற பழைய மாணவர் பலர் ஆங்குள்ள கற்சாசனத்தைக் கண்டிருப்பர். நின்று வாசித்தோர் சிலரே. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிற் பொறிப்பித்த சட்டம் அது. பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவருக்குக் காவல் உண்டு. யானை குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தாற் காற்பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. மன்னனுக்குக் குதிரைமேல் இருந்த ஆசை சட்டத்திலேயே தெரிகின்றது! தீவகத்தில் எமக்குத் தெரிந்த மிகப் பழைய சட்டம் கடலைப் பற்றியதாகவே இருப்பதில் வியப்பில்லை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் எம் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டனாயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் வலியது தேசவழமை. கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அதனை முதலிமார் பன்னிருவர் ஆராய்ந்து 1707இல் ஏற்றனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணத்தால் உறுதிப்படுத்தினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி என்பவற்றிற்கு இன்றும் அதுவே ஆதாரம்.

குடாநாட்டிற் கிடுகு வேலி ஆண்டுதோறும் ஒரு சாண் நகரும் என்பர்; அதனாற் பிறக்கிராசிமார் பிழைத்தனர். நெடுந்தீவிலோ வேலி பவளக்கல்லால் அடுக்கியது, எளிதில் நகராது. ஆயினும் வழக்கு எமக்கும் வந்தது. நாம் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், எம் தந்தையார் ஒற்றி வைத்த பனங்காணியை மீட்க வழக்காடினார். வட்டிக்குப் பதிலாக ஒற்றிக்காரர் காணியின் விளைவை அனுபவித்து வந்தார். மூன்று தவணைகளுக்கு வள்ளமேறிச் சென்ற தந்தையார் நான்காவது தவணைக்குச் செல்ல இயலவில்லை. சோளகம் எழுந்து இரு நாள் வள்ளம் விடவில்லை. மூன்றாம் நாள் ஈரவேட்டியோடு கோட்டுப் படியேறியபோது, வழக்காளி வாராமையால் வழக்குத் தள்ளுபடியாயிற்று என்றனர். திரும்பும் வழியில் விடுதிக்கு வந்து எமக்கு ஒரு பொட்டலம் பனங்கட்டி தந்தார். காணியைப் பற்றி ஒன்றும் கூறினாரில்லை. அம்மா கடிதத்திலேதான் அறிந்தோம்.

இவ்வகைச் சிறு வழக்குகளை ஊரிலேயே தீர்க்க 1871ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கிராமக் கோடுகளும், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் இணக்கசபைகளும் ஏற்பட்டன. 1970களில் இரண்டும் மறைந்தன. 1988இன் சட்டம் மத்தியஸ்த சபையைத் தந்தது. நாம் அதனை நன்றென்றே கருதுகின்றோம்.

அதே கடலில், 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகின் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதற்காக எவரும் தண்டிக்கப்பட்டாரில்லை. கடல் கொந்தளித்தமையால் அவ்வழக்குத் தவறிற்று என எவரும் கூற முடியாது.

இன்று நெடுந்தீவுக் கடலில் எல்லை தாண்டி வந்து பிடிபடும் இந்திய மீனவர் ஊர்காவற்றுறை நீதவான் முன்னிலையில் நிறுத்தப்படுகின்றனர். இழுவைப்படகால் வலையறுந்த எம்மூர் மீனவரும், விளக்கமறியலில் இருக்கும் இராமேசுவரத்து மீனவரும் பேசுவது ஒரே மொழி. பிடிபட்ட படகுகளை அரசுடைமையாக்கவும் சட்டம் இடந்தருகின்றது. பராக்கிரமபாகுவோ உடைந்த கலத்திலும் உடையவனுக்கு ஒரு பங்கு வைத்தான். துறை அதே ஊராத்துறைதான்.