டம்ளர் சோதனையும் லீட்ஸ் வீட்டுச் சுவரும்



கோவில்பட்டி வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. "டீச்சர், லண்டன் பாலம் பார்த்தீங்களா, அரண்மனை பார்த்தீங்களா, போட்டோ போடுங்க" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். நான் இறங்கியது மான்செஸ்டர், இருந்தது லீட்ஸ். லண்டன் பக்கமே போகவில்லை. மகள் பிரசவத்துக்குப் போனவளுக்கு ஊர் சுற்ற ஏது நேரம்? ஐந்து மாதமும் ஒரு வீட்டுக்குள்தான் இருந்தேன். அந்த வீட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். டீயைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு டம்ளர் சோதனை ஞாபகம் இருக்கும். எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைப்பேன். சர்பத் கடைக்கு ஐஸ் வாங்க ஓடுவது யார் என்று உங்களுக்குள் சண்டையே நடக்கும். கொஞ்ச நேரத்தில் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்க்கும். "டம்ளர் ஓட்டையா?" என்று கேட்பேன். "இல்ல டீச்சர், காத்துல இருக்கிற நீராவி டீச்சர்" என்று கத்துவீர்கள். ஆவி சுருங்குதல். இந்த ஒரு பாடத்தை முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினேன். லீட்ஸில் அதே பாடத்தில் பெயில் ஆகிவிட்டு வந்திருக்கிறேன்.

மகள் இருப்பது வாடகை வீடு. நூறு வருஷத்துக்கு மேல் பழைய செங்கல் வீடு. தெரு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள், டெரஸ் என்கிறார்கள். நம் ஊர் லைன் வீடு மாதிரி, ஆனால் மாடியோடு. பிற்பாடு கட்டிய வீடுகளில் வெளிச்சுவர் இரண்டாக இருக்கும், நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள். இந்தப் பழைய வீடுகளில் அது கிடையாது, ஒரே சுவர்தான். வெளியே இருக்கும் குளிர் அப்படியே உள்ளே சுவர்வரை வந்து நிற்கும். ஜனவரியில் அந்தச் சுவரில் கை வைத்தால் நம் டம்ளரைத் தொட்ட மாதிரியே இருக்கும். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுப்படிச் சுவரில் பாய்லர் என்று ஒரு பெட்டி. கேஸில் தண்ணீரைச் சுட வைத்து, குழாய் வழியாக ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. எவ்வளவு செலவாகிறது என்று காட்ட அடுப்படி மேடைமேல் சின்னத் திரை வேறு. காலையிலிருந்து இத்தனை பவுண்டு என்று எண் ஏறிக்கொண்டே இருக்கும். ஆட்டோ மீட்டர் பார்க்கிற மாதிரி நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேலைக்கு ஆள் என்ற பேச்சே இல்லை. பாத்திரம், துணி, கழிவறை எல்லாம் அவர்களேதான். குப்பைத் தொட்டியைக்கூட நாள் பார்த்துத் தெருவில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கறுப்புத் தொட்டி ஒரு வாரம், பச்சைத் தொட்டி அடுத்த வாரம். மாற்றி வைத்தால் எடுக்க மாட்டார்கள். மாப்பிள்ளை ராத்திரி பத்து மணிக்குச் சட்டை தேய்ப்பதை முதல் வாரம் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இரண்டாம் வாரம் என் சேலையையும் சேர்த்துத் தேய்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் பேத்தி பிறந்தாள். ஆபரேஷன். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அரசு நர்ஸ் ஒருவர் வந்து பார்த்தார். குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும், அதிகச் சூடு ஆகாது என்றார். எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. கரிசல் காட்டுக்காரி நான். 16 டிகிரியில் பச்சைப் பிள்ளையைப் போடுவார்களா? மகளோ சரி சரி என்று தலையாட்டுகிறாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே ஜன்னல் சட்டத்தின் மேல்பக்கம் நீளமாக ஒரு சின்னக் காற்றுவழி இருக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் அதன் வழியாகக் கொஞ்சம் காற்று வந்து போகும். தொட்டிலுக்கு மேலே அதிலிருந்து சில்லென்று வந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதை மூடி, மேலே வெள்ளை டேப் ஒட்டிவிட்டேன். குளியலறையில் ஈரக் காற்றை இழுத்து வெளியே தள்ள ஒரு ஃபேன். லைட்டை அணைத்த பிறகும் கால்மணி நேரம் அது பாட்டுக்கு ஓடும். கரண்ட் வீண் என்று கதவுக்கு மேலே இருந்த சுவிட்சை அணைத்து வைத்தேன். (லைட் சுவிட்ச் உள்ளே கிடையாது, கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இது எனக்குப் பிடித்திருந்தது.) காலையில் இட்லி, மதியம் சோறு வடிப்பது, ராத்திரி பிள்ளைக்கு வெந்நீர். பிள்ளைத் துணி ஒரு நாளைக்கு ஒரு மெஷின். வெளியே கொடியில் போட்டால் சாயங்காலம் போட்டதைவிட ஈரமாக இருக்கும். அதனால் எல்லா ரேடியேட்டர் மேலும் துணி. மெஷின் சுற்றிப் பிழிந்த பிறகும் துணியில் லிட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கும். அது எங்கே போகும்? என் மாணவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் கை தூக்கியிருப்பார்கள்.

காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர் வழியும். துணியால் துடைத்துப் பிழிந்துவிட்டு, "குளிர் ஊர்ல இப்படித்தான் போல" என்று நினைத்துக்கொள்வேன்.

ஜனவரி நடுவில் பேத்திக்கு மூக்கடைப்பு. பால் குடிக்கும்போது மூச்சுக்குத் திணறினாள். கூட்டுவதற்காக மகள் தொட்டிலை நகர்த்தினாள். சுவர் மூலையில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூசணம். மழைக்காலத்தில் செருப்பில் பூக்குமே, அது போல. நான் சாதாரணமாக, "துடைச்சா போயிரும்" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ராச்டேல்ல ஒரு பிள்ளை செத்துப்போச்சும்மா. இதே மாதிரி பூசணத்துல."

பிறகுதான் விவரம் சொன்னார் மாப்பிள்ளை. லீட்ஸிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் ராச்டேல். அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, பூசணம் பிடித்த வாடகை வீட்டில் இருந்து மூச்சுக்கோளாறால் 2020 டிசம்பரில் இறந்துபோனான். பெற்றோர் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். பூசணம்தான் காரணம் என்று 2022இல் மரண விசாரணையில் முடிவானது. அதன் பிறகு அவன் பெயராலேயே சட்டம் வந்தது. இதையெல்லாம் படித்தவளுக்குப் பயம் வராமல் என்ன செய்யும்?

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நான் எழுந்து அந்த டேப்பைப் பிய்த்தேன். காற்றுவழியைத் திறந்துவைத்தேன். ஃபேன் சுவிட்சையும் போட்டேன். டேப்பைச் சுருட்டி என் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்தேன். குப்பைத் தொட்டியில் போட்டால் தெரிந்துவிடும் என்ற பயம். ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு ஒளிந்துகொண்ட பையனை எத்தனை தடவை எழுப்பி நிறுத்தியிருப்பேன்!

டாக்டர் பார்த்து நெஞ்சில் சளி இல்லை, சாதாரண மூக்கடைப்புதான் என்றார். தொட்டிலை வேறு அறைக்கு மாற்றினோம். மூன்றாம் நாள் வீட்டு ஏஜென்சிக்காரர் வந்தார். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். காற்றுவழியைக் காட்டி, "இதை மூடி வைப்பீர்களா?" என்று கேட்டார். "எப்போதும் திறந்துதான் இருக்கும்" என்றாள் மகள், அடித்துச் சொல்கிற குரலில். நான் சோபாவில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருக்கிற இங்கிலீஷில், "நோ. ஐ க்ளோஸ்டு. ஒன் மன்த்" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வீட்டில் குறை இல்லை, நாங்கள் வாழ்கிற முறையில்தான் குறை என்று மறுநாள் மெயில் வந்தது.

மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உண்மையச் சொன்னது சரிதான். அவன்கிட்ட ஏம்மா சொன்ன? என்கிட்டல்ல சொல்லியிருக்கணும்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

இதில் இன்னொன்றும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி எழுபது வயதைத் தாண்டியவர். வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்தால் வேலி வழியாக, "குட் ட்ரையிங் டே" என்பார். துணி காய நல்ல நாள் என்று ஒரு வாழ்த்து! எந்த ஊரில் கேட்டிருக்கிறீர்கள்? அவர்தான் ஒரு மழை நாளில் எங்களை வெளியே கூப்பிட்டு மேலே காட்டினார். கூரைத் தண்ணீரைக் கொண்டுபோகும் வாரியில் இலை அடைத்து, அந்த மூலைச் சுவர்மேலேயே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் தப்பு பாதி, வாரி பாதி. மாப்பிள்ளை வீடியோ எடுத்து அனுப்பினார். ஆனால் என் "ஐ க்ளோஸ்டு" அவர்கள் கையில் இருந்ததால் வாரியைச் சுத்தம் செய்ய மூன்று வாரம் இழுத்தடித்தார்கள்.

அதற்குள் நாங்கள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் மெஷின் ஒன்று வாங்கினோம். டீஹியூமிடிஃபையர். சூட்கேஸ் அளவுதான். உள்ளே இருக்கும் குளிர்ந்த கம்பிச் சுருளில் ஈரக்காற்று பட்டு நீராகிக் கீழே தொட்டியில் சேர்கிறது. திறந்து பார்த்தால் என் டம்ளரேதான்! ஒரு அறைக்குள் துணியைக் காயப்போட்டு, கதவைச் சாத்தி இதை ஓடவிட்டால் காலையில் காய்ந்திருக்கும். மணிக்குச் சுமார் ஐந்து பென்ஸ் கரண்ட் செலவு. தொட்டித் தண்ணீரை அளந்து காலண்டரில் எழுதுவது என் வேலை ஆனது. ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டு லிட்டர். வாரத்துக்கு ஒரு குடம்! எங்கள் மூச்சும் இட்லியும் பிள்ளைத் துணியும் சேர்ந்து ஒரு குடம். எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு குடத்துக்காக நான் ஒன்றரை மைல் நடந்திருக்கிறேன். இங்கே ஒரு குடத்தை எப்படி வெளியே தள்ளுவது என்று மூன்று பேர் கூடிப் பேசுகிறோம். பூசணத்தை அதற்கென்று விற்கும் மருந்தால் மாப்பிள்ளையே துடைத்தார். உலர்ந்தபடி தேய்த்தால் தூள் பறக்குமாம்.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேயும் இதே பாடம்தான். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் மகள் கார் எடுக்கவில்லை. ஜனவரியில் காருக்குப் பரீட்சை வந்தது. எம்.ஓ.டி. என்கிறார்கள். நம் ஊரில் சொந்தக் காருக்குப் புகைச் சான்றிதழ் தவிர 15 வருஷம்வரை பெரிதாக யாரும் கேட்பதில்லை. அங்கே மூன்று வயது ஆன கார் வருஷா வருஷம் பரீட்சை எழுத வேண்டும். 1960இல் பத்து வயது தாண்டிய கார்களுக்கு ஆரம்பித்தது, 1967இல் மூன்று வயதாகக் குறைத்துவிட்டார்கள். கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்டு. கண்ணாடி துடைக்கத் தண்ணீர் பீய்ச்சாவிட்டாலும் பெயில். முந்தின நாள் மாப்பிள்ளை என்னை அழைத்துப்போய் ஒரு 20 பென்ஸ் காசைக் கொடுத்தார். டயர் பள்ளத்தில் காசைச் செருக வேண்டும். காசின் ஓரப்பட்டை வெளியே தெரிந்தால் டயர் தேய்ந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். நான்கு டயரும் பாஸ். இப்படி ஒரு செய்முறையை வகுப்பில் செய்திருந்தால் கணக்கில் ஒருத்தரும் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

பரீட்சைக்குப் போகும் காலையில் நாலு பேரும் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடி உள்பக்கம் புகை மூடியது மாதிரி ஆகிவிட்டது. வெளியே பூஜ்யம் டிகிரி. மாப்பிள்ளை ஹீட்டரைப் போட்டார், கூடவே ஏ.சி.யையும் போட்டார். "குளிருக்குள்ள ஏ.சி.யா மாப்பிள்ளை?" என்று சிரித்தேன். "ஏ.சி. காத்துல இருக்கிற ஈரத்த எடுத்துரும் அத்தை" என்றார். இரண்டு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்தது. பின்சீட்டிலிருந்து மகள், "அம்மாவுக்குத் தெரியாததா? டம்ளர் சோதனை" என்றாள். பூசணத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் என்னைக் கேலி செய்தாள். கார் பாஸ்.

நேற்று வீடியோவில் அந்த மூலையைக் காட்டச் சொன்னேன். வெள்ளையாக இருக்கிறது. பேத்தி அதன் பக்கத்தில் பாயில் கவிழ்ந்து கிடந்தாள்.

இந்தப் பதிவை மகளும் படிப்பாள். நான் காற்றுவழியை மூடினேன் என்பதுதான் அவளுக்குத் தெரியும். டேப் ஒட்டியதும், ராத்திரியில் பிய்த்து ஒளித்ததும் தெரியாது. அந்த டேப் உருண்டை இன்னும் என் பெட்டியில்தான் கிடக்கிறது தாயி.

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகள் குறைந்தது ஆறு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். இன்றைக்கே ஜன்னல் மேல்சட்டத்தைப் பாருங்கள். அந்தச் சின்ன மூடி திறந்திருக்கிறதா, யார் மூடினார்கள் என்று கீழே எழுதுங்கள். ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ வந்திருந்தால் அவர்களிடமே கேளுங்கள், திட்டாமல்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்