குதிரையும் துணைக் கட்டமும்

சதுரங்கப் பலகையில் அரசரும் அமைச்சருமின்றிக் குதிரை யொன்றனைக் கொண்டே ஆடும் ஆட்டமொன்று உண்டு. முதலாடுவோர் அதனை 64 கட்டங்களுள் விரும்பிய ஒன்றில் வைப்பர். பின்னர் இருவரும் மாறி மாறிக் குதிரைக்குரிய நடையில் அதனை நகர்த்துவர். ஒருகால் மிதித்த கட்டத்தை மீண்டும் மிதித்தலாகாது. நகர்த்த இடமின்றி நிற்பவர் தோற்றவராவர். வெள்ளை, கறுப்பு என்னும் பேதம் ஈண்டு இல்லை. குதிரை இருவர்க்கும் பொது. கட்டங்களைப் புள்ளிகளாகவும் பாய்ச்சல்களைக் கோடுகளாகவும் வரைந்து பார்ப்பின், பலகை ஒரு வலையாகும்.

இதனை எனக்குக் கற்பித்தவர் கணித வகுப்பு மாணவர் ஒருவர். யான் என் அறைத்தோழரோடு ஆடினேன். முதலாடுதலே மேன்மையென எண்ணி அவர் எப்போதும் முந்துவார், எப்போதும் தோற்பார். தேர்விலே தவறியிருந்த அவர், "ஆட்டத்திலும் என் ஊழ் இதுவே" என்று சொல்லிப் பலகையை மூடினார். ஊழதிகாரத்தை வகுப்பில் ஓதுவது வேறு. நண்பர் வாயிலாகக் கேட்பது வேறு. எனக்கு அச்சொல் பொறுக்கவில்லை.

ஆதலின் மறையைத் திறந்து காட்டினேன். பலகையை, அகலம் 2 கட்டமும் நீளம் 4 கட்டமுங் கொண்ட எட்டுக் கூறுகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு கூறிலும் மேல்வரிசை முதற் கட்டத்திற்குக் கீழ்வரிசை மூன்றாவது துணை. மேல் இரண்டுக்குக் கீழ் நான்கு. மேல் மூன்றுக்குக் கீழ் ஒன்று. மேல் நான்குக்குக் கீழ் இரண்டு. ஒவ்வோர் இணையும் குதிரையின் ஒரு பாய்ச்சலே. இவ்வாறு 32 இணைகள். முதல்வர் எக்கட்டம் புகினும் இரண்டாமவர் அதன் துணைக்குப் பாய்வார். இணையிணையாகவே கட்டங்கள் தீர்தலின், முதல்வர் புதிதாகப் புகுந்த கட்டத்தின் துணை எப்போதும் வெறுமையாகவே யிருக்கும். தோற்றவர் நண்பரல்லர், தோற்றது முதலாட்டம். 1901-இல் ஹார்வார்டுப் பல்கலைக்கழகத்துச் சார்லஸ் பௌட்டன் என்பார், குவியல்களினின்று காய் எடுக்கும் 'நிம்' ஆட்டத்தின் வெல்நிலைகளை முற்றும் வகுத்துக் காட்டினார். ஆங்கும் வெல்வது நிலையே. ஆடுபவரின் பெயரை அது கேளாது.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் ஒரு மூலைக் கட்டத்தின்மேற் காசொன்றை வைத்து, "இஃது இல்லையாயின்?" என்றார். யான் வாய் திறக்குமுன் தாமே விரலால் எண்ணலானார். 63 கட்டங்கள், 31 இணைகள், மூலையின் துணை மட்டும் தனித்து நின்றது. குதிரையை அத்தனிக் கட்டத்திலேயே வைத்து, "ஆடும்" என்றார். யான் எங்குப் பாய்ந்தாலும் அஃது இணையுள்ள கட்டம். அதன் துணை அவருக்காகக் காத்திருந்தது. உணவு மணிக்குமுன் மூன்று முறை வென்றார். நான்காம் முறை காசை வேறொரு கட்டத்திற்கு மாற்றி, தனிக் கட்டத்தை என்னையே தேடச் சொன்னார்.