ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் வண்டி

மதுரையில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பாட்டரிக் காரை என் மகன் பார்த்துவிட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. விலைச்சீட்டில் பதினோராயிரம் என்று கண்டிருந்தது. மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனின் ஒரு மாத வருவாயில் அது எத்தனை பங்கு என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பதினோரு வயதுப் பிள்ளை அடம்பிடிக்கவில்லை. ஊர் வந்து சேரும் வரை வாய் திறவாமல் இருந்தான். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், "நாமே ஒரு வண்டி செய்வோம்" என்று சொல்லிவிட்டேன்.

நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். ஆகவே முதலில் புத்தகத்தைத்தான் தேடினேன். 1956-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், புல்வெட்டும் கருவிக்கென உருவாக்கப்பட்ட சிறு என்ஜினை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஓட்டியதே 'கோ-கார்ட்' என்னும் வண்டியின் பிறப்பு. அதற்கும் முன்னரே, 1933-இல் ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரில், கிடைத்த பலகைகளையும் பழைய சக்கரங்களையும் கொண்டு சிறுவர்கள் தாமே செய்த வண்டிகளைச் சரிவில் விட்டுப் பந்தயம் நடத்தினர். மறு ஆண்டே அது நாடு தழுவிய போட்டியாயிற்று. பிரேசில் நாட்டுச் சிறுவர்களோ கழித்துப் போட்ட பேரிங்குகளையே சக்கரமாக்கிக் கொண்டனர். நம் ஊர்த் தெருக்களில் 'பேரிங் வண்டி' என்று இரைந்தோடியதும் அதுவே. இவ்வளவையும் மகனுக்கு எடுத்துரைத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அத்தா, எப்போது செய்வோம்?"

காயலான் கடைக்குச் சென்றோம். காயல்பட்டினத்தார் சென்னையில் பழைய சாமான் வணிகத்தில் ஈடுபட்டிருந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். நான்கு பேரிங்குகளை நிறுத்து வாங்கியபோது நூற்று அறுபது ரூபாய். இடிந்த வீட்டின் கதவுப் பலகை ஒன்று இருநூறு. இரண்டு மரச்சட்டங்கள் எண்பது. போல்ட், நட்டு, வாஷர், நைலான் கயிறு எல்லாம் சேர்த்து நூற்று ஐம்பது.

சட்டங்களின் முனைகளை உளியால் உருட்டிச் செதுக்கி, சைக்கிள் ட்யூபின் துண்டைச் சுற்றி, பேரிங்கை அடித்து இறக்கினேன். உள்வளையம் மரத்தை இறுகப் பற்ற, வெளிவளையம் சக்கரமாய்ச் சுழன்றது. பின்சட்டத்தைப் பலகையோடு பிணைத்தேன். முன்சட்டத்தை நடுவில் ஒரே போல்ட்டில் நிறுத்தி, இரு முனைகளிலும் கயிறு கட்டினேன். இடப்புறம் இழுத்தால் இடம், வலப்புறம் இழுத்தால் வலம். பின்சக்கரத்தின் மேல் அழுந்தும்படி ஒரு மரக்கட்டையைப் பிரேக்காக வைத்தேன். என் கைகளைக் கண்டு நானே பெருமிதம் கொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது. தெருவின் மேல்கோடி மலையடிவாரம் நோக்கி ஏறிச் செல்லும். அஸருக்குப் பின் அங்கிருந்து மகன் புறப்பட்டான். பாதி வழியில் வேகம் மிகுந்தது. பிரேக்கை அழுத்தினான், வண்டி நிற்கவில்லை. கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். முன்சட்டம் முழுவதும் திரும்ப, வண்டி கவிழ்ந்தது. மோவாயில் மூன்று தையல். முழங்கைத் தோல் உரிந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது மனைவி சொன்னது ஒரே வாக்கியம்: "பதினோராயிரத்துக்கு வாங்கியிருந்தால் கடன்தான் ஆகியிருக்கும்."

மறுநாள் மாலை வாசலில் ஒரு மாணவன் வந்து நின்றான். பதின்மூன்று வயது. லாரிப் பட்டறை வைத்திருப்பவரின் மகன். அரபு எழுத்துகளுள் இரண்டு 'ஹா'க்களின் ஒலியும் அவனுக்குப் பிடிபடவே இல்லை. மூன்றாம் முறை பிழைத்தபோது, "உனக்கு வராது" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிக் கடைசி வரிசைக்கு அனுப்பியிருந்தேன். அவனுடைய அத்தாவைப் பார்த்தபோதும் அதையே சொன்னேன்.

அவன் வண்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: "ஹஜ்ரத், பேரிங்கைப் பிடித்தால் வண்டி நிற்காது. சக்கரம் நின்றாலும் இரும்பு சிமெண்டில் வழுக்கிக்கொண்டு போகும். ரப்பர் தரையைப் பிடிக்க வேண்டும்."

எளிய உண்மை. எனக்குத் தோன்றவில்லை.

பட்டறையிலிருந்து பழைய டயர்த் துண்டுகளைக் கொண்டுவந்தான். இரு மரக்கைகளின் கீழ்முனைகளில் அவற்றை அறைந்து, பலகையின் இரு பக்கமும் போல்ட்டில் மாட்டினான். பிடியைப் பின்னோக்கி இழுத்தால் ரப்பர் தரையில் அழுந்தும். "ஒரு பக்கம் மட்டும் வைத்தால் வண்டி அந்தப் பக்கமே திரும்பிவிடும், ஹஜ்ரத்" என்றான். முன்சட்டம் அளவுக்கு மேல் திரும்பாதபடி இருபுறமும் தடுப்புக் கட்டைகள் அடித்தான். பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிய கிரீஸ் இட்டான்.

நடு போல்ட்டை முறுக்கும் பணியை என்னிடம் விட்டான். அதில் இரண்டு நட்டுகள். முதலாவதைச் சட்டம் திரும்புமளவுக்குத் தளர்வாய் நிறுத்தி, ஒரு ஸ்பானரால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு ஸ்பானரால் இரண்டாவதை அதன் மீது இறுக்க வேண்டும். நான் இறுக்கியபோது முதல் நட்டும் கூடவே சுற்றிச் சட்டம் இறுகிப் போயிற்று. அவிழ்த்துக் காட்டினான். மறுபடியும் அதே பிழை. மூன்றாம் முறையும் அதே. அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். எரிச்சல் இல்லை, ஏளனம் இல்லை. "பரவாயில்லை ஹஜ்ரத், இந்தக் கையால் பிடியுங்கள்" என்று என் விரல்களின் மீது தன் விரல்களை வைத்து ஸ்பானரைப் பிடிக்கச் செய்தான். நான்காம் முறை வந்துவிட்டது.

மூன்றாம் பிழைக்கு நான் அவனுக்குத் தந்தது என்ன, அவன் எனக்குத் தந்தது என்ன? அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

விடிந்ததும் பட்டறைக்குச் சென்றேன். "பாய், உங்கள் மகனைப் பற்றி நான் சொன்னது தவறு. அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன்" என்றேன். கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்தபடி அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீங்கள் சொன்ன அன்றைக்குப் பையன் சாப்பிடாமல் படுத்துவிட்டான், ஹஜ்ரத். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை."

வண்டி இப்போதும் ஓடுகிறது. முதலில் சமதளத்தில் தள்ளிப் பார்த்தோம். பிரேக் பிடித்த பிறகே, வாகனம் வராத சிறு சரிவில், தலைக்கவசத்துடன் விட்டோம். செய்ய விழையும் பெற்றோர் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மொத்தச் செலவு ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய். டயர்த் துண்டுகளுக்கு அவன் காசு வாங்கவில்லை.

அம்மாணவன் இன்று முதல் வரிசையில் அமர்கிறான். அந்த இரண்டு 'ஹா'க்களும் இன்னும் முழுமையாகப் பிரியவில்லை. நான்காம் முறை சொல்லிக்கொடுக்கிறேன். தேவைப்பட்டால் ஐந்தாம் முறையும் சொல்லுவேன்.