உட்காராத பயணி

கல்யாணில் தினமும் ரயில் ஏறும் அந்தக் கணக்கருக்கு வயது 46. அபூர்வமாக இருக்கை கிடைத்தாலும் உட்காரமாட்டார். தாதர் வரை சுமார் ஒரு மணி நேரம் நின்றபடியே பயணம். கேட்டால் "முதுகுவலி" என்பார். மனைவிக்கும் அதே பதில்தான்.

உண்மையில் அவருக்கு மூலம். இரண்டு வருடமாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் உறுத்தல், எழுந்தால் பேண்ட்டில் கறை தெரியுமோ என்ற பயம். ரயில் பெட்டியில் 'பவாசீர்' என்று ஒட்டியிருந்த விளம்பரத்தை யாரும் கவனிக்காதபோது படித்துவைத்துக்கொண்டார். 'ஆபரேஷன் வேண்டாம், ஒரே ஊசி' என்ற அந்த ஆளிடம் போனார். ஊசி போட்ட இடம் புண்ணாகி, ஒரு வாரம் விடுப்பு. அலுவலகத்துக்குச் சொன்ன காரணம்? அதே முதுகுவலி.

கடைசியில் படியேறினாலே மூச்சு வாங்கியது. மனைவி டாக்டரிடம் அழைத்துப்போனார். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7. "ரத்தம் எங்கே போகிறது?" என்று டாக்டர் கேட்டதும் மனிதர் தலைகுனிந்தார். பிறகு சொன்னார்.

ஆசனவாயின் உட்புறம் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லோருக்கும் உண்டு. அது வீங்கிச் சரிவதுதான் மூலம். மலச்சிக்கலும் முக்குவதும் அதை வளர்க்கும். சுஸ்ருதரே மருந்து, காரம், சூடு, கத்தி என்று நான்கு வழிகள் சொல்லிவைத்த பழைய நோய் இது. ஆரம்பத்தில் நார்ச்சத்தும் தண்ணீருமே பெரும்பாலும் போதும். கொஞ்சம் முற்றினால் ரப்பர் வளையம் மாட்டிச் சுருங்கவைக்கலாம். கத்தி வரை போகிறவர்கள் சிலரே.

ஆனால் டாக்டரின் கவலை வேறு. பெருங்குடல் புற்றுநோயிலும் இப்படி ரத்தம் போகும். மூலம்தான் என்று தானாக முடிவுகட்டுவது ஆபத்து. கொலனோஸ்கோப்பிக்கு நாள் குறித்தார். அதுவரை அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. குடலில் வேறு கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மனைவி அழுதார். "பக்கத்திலேயே இருந்தேனே, என்னிடம் சொல்லக்கூடாதா?"

வளையம் மாட்டியாயிற்று. இரும்புச்சத்து மாத்திரை, தினமும் கீரை, பழம். கழிப்பறைக்குச் செல்போன் எடுத்துப்போய் அரைமணி உட்கார்ந்திருப்பதையும் விட்டுவிட்டார்.

இப்போது ரயிலில் இடம் கிடைத்தால் உட்காருகிறார். சென்ற மாதம் ஓர் இளைஞன் காலியான இருக்கையை வேண்டாமென்றான். "முதுகுவலி, அங்கிள்."

கணக்கர் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றார். மெதுவாகக் கேட்டார்: "ரத்தம் போகிறதா தம்பி?"