வேதாளம் ஏறாத முருங்கை மரம்!

முதல்ல ஒரு உண்மையைப் போட்டு உடைச்சிடறேன் ஃப்ரெண்ட்ஸ். முருங்கை மரத்துல வேதாளம் ஏற முடியாது. ஏறினா கிளை 'மடக்'குனு முறியும், வேதாளம் கீழே கிடக்கும். தேனி மாவட்டத்துல முருங்கைத் தோட்டம் வெச்சிருக்கற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. காய் பறிக்கவே தொரட்டிதான், யாரும் மரம் ஏற மாட்டாங்க.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கு. செடி முருங்கையில பேர் போன 'பி.கே.எம்.-1' ரகம் வந்தது எங்க பெரியகுளத்துல இருந்துதான். பி.கே.எம்.னா பெரியகுளம்! இங்கே இருக்கற தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம். விதை போட்ட ஆறேழு மாசத்துல காய்ச்சுடும். ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமா வளரவிட்டு, வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்க வைப்பாங்க. இதுல ஒரு பிணத்தைத் தலைகீழாத் தொங்கவிட்டா, அதோட முடி தரையில புரளும்.

அப்புறம் ஏன் தமிழ்ல மட்டும் வேதாளம் முருங்கை மரம் ஏறுது? சமஸ்கிருத மூலக் கதையில அது சிம்சுபா மரம். அசோகவனத்துல சீதை உட்கார்ந்திருந்ததா வால்மீகி சொல்ற அதே மரம். தமிழுக்கு வந்ததும் நம்மாளுங்க, "சிம்சுபாவாவது ஒண்ணாவது, கொல்லையில நிக்கற முருங்கையைப் போடு"னு மாத்திட்டாங்க போல. நல்ல ஐடியாதான். பேய் பக்கத்துல இருந்தாத்தானே பயம்!

செமஸ்டர் லீவுல ஊருக்குக் கிளம்பும்போது, "உங்க ஊரைச் சுத்தி ஏதாவது எழுதிட்டு வாங்க"ன்னு ஆபீஸ்ல சொல்லிவிட்டாங்க. மதுரையில ரயில் ஏறினேன். இந்த ரயிலே ஒரு வேதாளம்தான். அகலப் பாதை போடறோம்னு 2010 கடைசியோட மீட்டர்கேஜை நிறுத்தினாங்க. 2022 மே மாசம்தான் தேனிக்குத் திரும்பி வந்துச்சு, 2023 ஜூன்ல போடி வரைக்கும். நான் ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி போன ரயில், ப்ளஸ் டூ முடிக்கற சமயத்துலதான் வந்து சேர்ந்துச்சு.

பையில தாத்தாவோட அம்புலிமாமா வால்யூம் ரெண்டு. எங்க வீடு சின்னமனூர். தாத்தா போடியில ஒரு ஏலக்காய் கடையில வேலை பார்த்தவர். மாசாமாசம் அம்புலிமாமா வாங்கி, வருஷக் கடைசியில பைண்டிங் பண்ணி, முதுகுல வெள்ளைப் பெயின்ட்ல வருஷம் எழுதி வெச்சிருந்தார். மொத்தம் பதினாலு வால்யூம். நான் எழுத்துக் கூட்டிப் படிச்சது அதுலதான். 'விக்கிரமாதித்தன்'ங்கற வார்த்தையைப் படிச்சு முடிக்க அப்போ எனக்கு அரை நிமிஷம் ஆகும்.

அம்புலிமாமாவை 1947 ஜூலையில சென்னையில ஆரம்பிச்சவங்க நாகிரெட்டியும் சக்ரபாணியும். ஆமாம், 'பாதாள பைரவி', 'மாயா பஜார்' படமெல்லாம் எடுத்த அதே விஜயா ஆளுங்க. மாயமும் மந்திரமும் அவங்களுக்குக் கைவந்த கலை. தோள்ல பிணம், கையில வாள், சுத்திலும் சுடுகாடுன்னு ராஜா திரும்பிப் பார்த்துக்கிட்டே நடக்கற அந்தப் படத்தை வரைஞ்சவர் சங்கர்ங்கற கே.சி.சிவசங்கரன். 2020-ல, 96 வயசுல காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. (வாழ்றப்போவே கொடுத்திருக்கலாம். சரி, விடுங்க.)

இப்போ திரும்பப் படிக்கும்போதுதான் ஒண்ணு உறைச்சது. மூலத்துல வேதாளம் சொல்றது 24 கதை. பதினோராம் நூற்றாண்டுல சோமதேவர் காஷ்மீர் ராணி சூர்யவதிக்காக எழுதின 'கதாசரித்சாகர'த்துல இருக்கு. எல்லாக் கதையும் ஒரே ராத்திரியில முடிஞ்சிடும். ராஜா பேசினா வேதாளம் மரத்துக்குப் போயிடும். தெரிஞ்சும் பேசாம இருந்தா தலை வெடிக்கும். கடைசிக் கதைக்கு ராஜாவுக்கு நிஜமாவே பதில் தெரியாது, பேசாம நடக்கறார். அவ்வளவுதான், ஆட்டம் க்ளோஸ். ஆனா அம்புலிமாமாக்காரங்க ஆட்டத்தை முடிக்கவே இல்லை. அதே ராஜா, அதே சுடுகாடுன்னு ஃப்ரேமை மட்டும் வெச்சுக்கிட்டு மாசம் ஒரு புதுக் கதையை அதுக்குள்ள சொருகிக்கிட்டே போனாங்க. ஒரு ராத்திரி ஐம்பது வருஷத்துக்கும் மேல நீண்டுடுச்சு! 2010-களோட முதல் பாதியில பத்திரிகை நின்னுபோச்சு. ராஜா இன்னும் பிணத்தை இறக்கி வைக்கலைன்னுதான் நான் நினைச்சுக்கறேன்.

நம்ம ஊர் விக்கிரமாதித்தன் கதையில சாகாவரத்துக்கு ஒரு கணக்கே உண்டு. இந்திரன் கொடுத்த சிம்மாசனத்துல ராஜா ஆயிரம் வருஷம் ஆளலாம். தம்பி பட்டிக்கோ ஆயுசு ரெண்டாயிரம். என்ன பண்றது? பட்டி மூளைக்காரன். "சிம்மாசனத்துல ஆயிரம் வருஷம்னுதானே வரம்? நாட்டுல ஆறு மாசம், காட்டுல ஆறு மாசம்னு இருங்க, ரெண்டாயிரம் ஆயிடும்"னு ஐடியா கொடுத்தான். 'காடாறு மாசம், நாடாறு மாசம்' வந்த கதை இதுதான். லூப்ஹோல் கண்டுபிடிக்கறதுல பட்டியை அடிச்சுக்க இன்னும் ஒரு வக்கீல் பிறக்கலை.

சரி, சின்னமனூருக்கு வருவோம்.

தாத்தாவுக்கு மூணு வருஷமா மறதி நோய். முதல்ல சாவியை மறந்தார், அப்புறம் தெருவை. இந்தத் தடவை நான் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே, "யாரு பிள்ளை நீ?"ன்னு கேட்டார். அப்பத்தா உள்ளேயிருந்து, "நம்ம பெரியவன் மக. மதுரையில படிக்குதுல்ல"ன்னாங்க. "அப்படியா, உக்காரு தாயி"ன்னார். விருந்தாளிக்குச் சொல்ற மாதிரி.

அன்னிக்குச் சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து வால்யூமைத் திறந்தேன். நான் படிச்ச கதை தலை மாறின கதை. ஒருத்தியோட புருஷனும் கூட வந்த உறவுக்காரனும் காளி கோயில்ல தலையை வெட்டிக்கிறாங்க. அம்மன் உயிர் கொடுக்கறேங்கறா. அவசரத்துல இவ தலையை மாத்தி ஒட்டிடறா. இப்போ யார் புருஷன்? அந்தத் தலையா, இந்த உடம்பா? சாதாரணக் கதை இல்லை பாஸ் இது. ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் 1940-ல இதை வெச்சு ஒரு குறுநாவல் எழுதினார். கிரீஷ் கர்னாட் 'ஹயவதனா'ன்னு நாடகமாக்கினார். ராஜாவோட பதில் ஒரே வரிதான்: உடம்புக்குத் தலைதான் பிரதானம், அதனால தலை யாரோ அவன்தான் புருஷன்.

சின்ன வயசுல, "கரெக்ட்!"னு கை தட்டியிருக்கேன். இ.இ.இ. படிக்கற மூளைக்கும் அது சரியாத்தான் படும். மெமரி எங்கே இருக்கோ அதுதானே ஆளு? பெட்டியை மாத்தலாம், ஹார்டு டிஸ்க்கை மாத்தினா அது வேற கம்ப்யூட்டர். ஆனா இந்தத் தடவை அந்த வரியில நாக்கு நின்னுடுச்சு. எதிர்ல தாத்தா உட்கார்ந்திருக்கார். தலை அதேதான். உள்ளே ஒவ்வொண்ணா அழிஞ்சுக்கிட்டிருக்கு. ராஜா சொல்றது நிஜம்னா, திண்ணையில உட்கார்ந்திருக்கறது யாரு?

அப்பத்தாகிட்ட கதையைச் சொல்லி, "நீங்க சொல்லுங்க, தலையா உடம்பா?"ன்னு கேட்டேன். அவங்க பதிலே சொல்லலை. உள்ளே போய் ஒரு முறத்துல கைப்பிடி ஏலக்காயைக் கொட்டிக் கொண்டுவந்து தாத்தா மடியில வெச்சாங்க. தாத்தா என்னைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தார். விரல் மட்டும் கீழே தன் பாட்டுக்கு வேலை பார்த்துச்சு. பெருசு ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், வாய் பிளந்தது தனி, நிறம் வெளுத்தது தனி. அஞ்சே நிமிஷம். நான் கண்ணை முழிச்சுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசமெல்லாம் அவர் கட்டை விரலுக்குத் தெரியுது.

"உங்க ராசாகிட்டச் சொல்லு, கைக்கும் ஞாபகம் இருக்குன்னு"ன்னுட்டு அப்பத்தா முறத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் தினமும் ஒரு கதை படிச்சேன். தாத்தாவுக்கு எந்தக் கதையும் மறுநாள் ஞாபகம் இருக்காது. அதே கதையை மூணு நாள் படிச்சாலும், "அப்புறம்?"னு புதுசாக் கேட்பார். ஆனா ராஜா மரத்துக்குத் திரும்பப் போற இடம் வந்ததும், நான் படிக்கறதுக்கு முன்னாடியே அவர் வாய் முணுமுணுக்கும். ஒவ்வொரு இதழ்லயும் மாறாம வந்த இடமாச்சே!

ஒரு வால்யூம்ல கரையான் புகுந்திருந்துச்சு. வேதாளம் கேள்வி கேட்கற பக்கம் இருக்கு, ராஜா பதில் சொல்ற பக்கம் ஓட்டை. நாங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தோம். வேதாளத்துக்கு வேற வழி? மாட்டிக்கிச்சு.

கம்பம் போற பஸ்ஸுல ஜன்னல் சீட் பிடிச்சா ரெண்டு பக்கமும் மலை கூடவே வரும். உத்தமபாளையம் தாண்டினா திராட்சைப் பந்தல். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பன்னீர் திராட்சை. வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு தோட்டத்துல அறுவடை நடக்கும். அதைப் பத்தித் தனியா எழுதணும், இப்போ நேரா சுருளி.

கம்பத்துலேருந்து பத்து கிலோமீட்டர் போல. யானை நடமாட்டம், வெள்ளம்னா உள்ளே விடமாட்டாங்க, விசாரிச்சுட்டுப் போங்க. இங்கே குகைகள்ல சித்தர்கள் இன்னும் உயிரோட தவம் பண்றாங்கன்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. காயகற்பம், ரசவாதம்னு டீக்கடையில பேச ஆரம்பிச்சா டீ ஆறிடும். ஹாரி பாட்டர் முதல் பாகத்துல ரசவாதக் கல் வெச்சிருப்பாரே நிக்கோலஸ் ஃப்ளமேல், அவர் நிஜமா பாரிஸ்ல வாழ்ந்து 1418-ல செத்துப்போன எழுத்தர். செத்த பிறகுதான் அவருக்குச் சாகாவரம் கிடைச்சுது, ஊர்ப் பேச்சுல! பாரிஸுக்கு ஃப்ளமேல், கம்பத்துக்குச் சித்தர்.

ஆனா சுருளியில கூட்டம் வர்றது சாகாதவங்களுக்காக இல்லை, செத்தவங்களுக்காக. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க ஜனம் குவியும். நான் போனது சாதாரண நாள். அன்னிக்கும் ஒரு குடும்பம் ஈரத் துணியோட எள்ளும் தண்ணியும் விட்டுக்கிட்டிருந்தாங்க. எனக்கு வேதாளத்தோட இன்னொரு கதை ஞாபகம் வந்துச்சு. ஒரு பொண்ணை மூணு பேர் விரும்பறாங்க. அவ இறந்துடறா. ஒருத்தன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோறான். ஒருத்தன் ஊர் ஊரா அலைஞ்சு உயிர் கொடுக்கற மந்திரம் கத்துக்கறான். மூணாவது ஆள் ஒண்ணுமே செய்யலை, அவ சாம்பல் மேலேயே படுத்துக் கிடக்கறான். அவ எழுந்து வந்ததும் யாருக்குச் சொந்தம்? மந்திரம் போட்டவன் அப்பா மாதிரி, எலும்பு கரைச்சவன் பிள்ளை மாதிரி, சாம்பல்லயே கிடந்தவன்தான் புருஷன்ங்கறார் ராஜா. எட்டு வயசுல எனக்கு இது அநியாயமாப் பட்டுச்சு. மந்திரக்காரன்தானே ஹீரோ! இப்போ அப்பத்தாவைப் பார்த்துட்டு வந்த பிறகு, அந்த மூணாவது ஆளைக் கொஞ்சம் புரியுது.

கடைசி ஸ்டாப் லோயர் கேம்ப். மலை மேலேருந்து நாலு ராட்சசக் குழாய் இறங்கும் பாருங்க, எங்க டிபார்ட்மென்ட் பசங்களுக்கு அதுதான் அருவி! முல்லைப் பெரியாறு தண்ணி அதுல விழுந்து கரன்ட் எடுத்துட்டு, அப்புறம் பள்ளத்தாக்குக்குப் பாயுது. கம்பம் பள்ளத்தாக்குல இருபோக நெல் மட்டும் 14,707 ஏக்கர். அணை கட்டினது 1887-லேருந்து 1895 வரைக்கும். மலேரியாவும் காலராவும் தொழிலாளிகளை நூத்துக்கணக்குல கொண்டுபோச்சு. அவங்க பேர் எந்தப் பலகையிலயும் என் கண்ணுல படலை.

திருவிதாங்கூரோட 1886-ல போட்ட குத்தகை எத்தனை வருஷத்துக்குத் தெரியுமா? 999! விக்கிரமாதித்தன் வரத்துக்கு ஒண்ணு கம்மி. பட்டி மட்டும் அன்னிக்கு மெட்ராஸ் சர்க்கார் வக்கீலா இருந்திருந்தா, காடாறு நாடாறுன்னு 1,998-ஆ எழுதி வாங்கியிருப்பான்.

2013-ல திறந்த பென்னிகுயிக் மணிமண்டபத்துல அன்னிக்குக் கூட்டமில்லை. 1841-ல பிறந்து 1911-ல இறந்த இன்ஜினீயர். ஆனா இங்கே ஜனவரி 15 வந்தா பாலார்பட்டியில அவருக்குப் பொங்கல் வைக்கறாங்க. வீட்டுச் சுவர்ல சாமி படத்தோட அவர் படம் தொங்கும். பிள்ளைகளுக்கு அவர் பேர். 2022-ல இங்கிலாந்துல கேம்பர்லி ஊர்ல தமிழக அரசு அவருக்குச் சிலை வெச்சப்போ, அந்த ஊர்க்காரங்களுக்கு அவரை நாமதான் அறிமுகப்படுத்தியிருப்போம்னு நினைக்கிறேன்.

சிலைக்கு முன்னாடி ஒரு அப்பா தன் பொண்ணுக்குக் கதை சொல்லிக்கிட்டிருந்தார். ஆறு வயசு இருக்கும். பாதியில பணம் நின்னுபோச்சு, இவர் இங்கிலாந்துக்குப் போய் சொத்தையெல்லாம் வித்து, பொண்டாட்டி நகையையும் வித்து அணையைக் கட்டினார்னு. பள்ளத்தாக்குல எல்லா வீட்லயும் சொல்ற கதை. நானும் தாத்தாகிட்ட இப்படித்தான் கேட்டேன். சொத்து வித்ததுக்கு ஆவண ஆதாரம் இல்லை, அணை அரசாங்கப் பணத்துல கட்டினதுன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. அதையும் படிச்சிருக்கேன்.

அந்தப் பாப்பா திடீர்னு என் பக்கம் திரும்பி, "நெஜமாவாக்கா?"ன்னு கேட்டுச்சு.

தெரிஞ்சும் பதில் சொல்லலைன்னா தலை சுக்குநூறா வெடிக்கும். நான் சிரிச்சுக்கிட்டே பேசாம நின்னேன். கம்பம் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். கூடலூர் தாண்டற வரைக்கும் தலையைத் தடவிப் பார்த்துக்கிட்டே வந்தேன். ஒண்ணும் ஆகலை.